பன்னிரண்டு மூங்கில் தெப்பம்

வைகாசி பதினொன்றாம் தேதி காலை, கொக்குப் பாறையின் உச்சியில் வெயில் விழுந்த நேரம். ஒரு காட்டில், ஓர் ஆற்றுத் துறையில், ஒரு தெப்பத்தில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தெப்பத்தின் சொந்தக்காரர் கயல்வேந்தன் என்னும் நீர்நாய். அவர் கரையில் நின்றுகொண்டு, "ஏறுங்க, ஏறுங்க, ஒரே ஆள்தான், ஏறினதும் கிளம்பிரும்" என்று கூவிக்கொண்டிருந்தார்.

குழந்தைகளே, அந்தத் தெப்பத்தில் பன்னிரண்டு மூங்கில்கள். மூங்கிலுக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர் உட்காரலாம். ஏழு பேர் ஏறியாயிற்று என்றால் இன்னும் ஐந்து பேர் வேண்டும். இது கயல்வேந்தனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இரண்டு பேர் இருந்தாலும் அவர் 'ஒரே ஆள்தான்' என்பார், பத்துப் பேர் இருந்தாலும் அதையேதான் சொல்வார். அது பொய் என்று அவருக்குத் தோன்றியதே கிடையாது. அவருடைய அப்பா அப்படித்தான் கூவினார். அப்பாவின் அப்பாவும் அப்படித்தான் கூவினார். துறை என்றால் அப்படித்தான் கூவ வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார்.

தெப்பத்தில் ஏற யாரும் கூலி கொடுக்க வேண்டியதில்லை. துறைக்குக் கீழே இருந்த மடுதான் கூலி. ஆழமான மடு. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். கெண்டையும் விராலும் அடியில் திரிவது மேலிருந்தே தெரியும். ஆற்றைக் கடத்திவிடுகிறவருக்கே அந்த மடுவில் மீன் பிடிக்கும் உரிமை என்பது காட்டுச் சட்டம். வருடந்தோறும் ஆடி முதல் தேதி யானைக் கூட்டத்தின் தலைவி பெரியநாயகி துறைக்கு வந்து, "மடு இன்னாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார். மூன்று தலைமுறையாக அது நீர்நாய்களுக்குத்தான்.

கயல்வேந்தனும் அவருடைய தம்பிகள் ஐவரும் ஆளுக்கொரு காட்டுக்கொடியை வாயில் கவ்வி, தோளில் போட்டுக்கொண்டு தெப்பத்தை இழுப்பார்கள். கடினமான வேலை. பன்னிரண்டு பேரை இழுத்தாலும் ஒருவரை இழுத்தாலும் ஆறு அதே அகலம்தான். அதனால் தெப்பம் நிறையாமல் கயல்வேந்தன் கிளம்ப மாட்டார்.

அன்றைக்கு ஏறியிருந்த ஏழு பேரில் பொற்கொடி என்னும் முயலும் ஒருத்தி. அக்கரைச் சந்தைக்குக் கீரை கொண்டுபோகிறவள். விடிந்ததும் வந்து உட்கார்ந்தவள்.

"அண்ணாச்சி, கீரை வாடுது."

"தண்ணி தெளிங்க மதினி. ஆத்துலயா தண்ணிக்குப் பஞ்சம்?"

"தெளிச்சுத் தெளிச்சு அழுகிரும் போலிருக்கு. ஒரே ஆளுன்னு சொல்லித்தானே என்னைய ஏத்தினீங்க. எனக்கப்புறம் நாலு பேர் ஏறியாச்சு."

"அவங்ககிட்டயும் அதைத்தான் சொன்னேன். யாரும் கோவிக்கலையே."

பொற்கொடி கோபித்துக்கொள்ள வாயைத் திறந்தாள். அந்தச் சமயத்தில் புதரை விலக்கிக்கொண்டு ஓர் எருமை துறைக்கு வந்தது. அதன் பெயர் அல்லி. அக்கரையில் புல் நன்றாக வளர்ந்திருப்பதாக யாரோ சொல்ல, மேய்ந்து பார்க்கப் போகிறாள். அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நேராக ஆற்றில் இறங்கினாள்.

"அல்லியக்கா, அக்கரைக்கா?" என்றாள் பொற்கொடி.

"ஆமா."

"நானும் வரட்டா?"

"ஏறு. ஆனா நான் யாருக்காகவும் நிக்க மாட்டேன். எனக்குப் பசி."

பொற்கொடி கீரைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரே தாவாகத் தாவி அல்லியின் முதுகில் உட்கார்ந்தாள். கயல்வேந்தன் கூவுவதை நிறுத்தவில்லை. கூவிக்கொண்டே பார்த்தார். எருமை மெதுவாக, மிக மெதுவாக ஆற்றைக் கடந்தது. பாதி ஆற்றில் நின்று சாணி போட்டது. பிறகு அக்கரை சேர்ந்தது. தெப்பம் இக்கரையிலேயே இருந்தது.

"ஒரு ஆள் குறைஞ்சிருச்சு" என்றான் கடைசித் தம்பி.

"ஒரே ஆள்தான்" என்று கயல்வேந்தன் ஊருக்குக் கேட்கும்படி கூவினார்.

அக்கரைப் புல் அல்லிக்குப் பிடித்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் கொக்குப் பாறையின் உச்சியில் வெயில் விழும்போது அவள் இக்கரையில் ஆற்றில் இறங்குவாள். நிழல் நீளும்போது அக்கரையிலிருந்து திரும்புவாள். முதுகில் யார் இருக்கிறார்கள், எத்தனை பேர் என்று அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. காதுக்குப் பின்னால் உண்ணி எடுத்துவிட்டால் மட்டும் சந்தோஷப்படுவாள். அது அணில்களுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் மூன்று அணில்கள் வந்தன. அதற்கடுத்து ஓர் உடும்பு. வைகாசி முடிவதற்குள் அவள் முதுகில் ஒன்பது பேர் ஏறத் தொடங்கிவிட்டார்கள்.

தெப்பம் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்வந்த காலம் உண்டு. இப்போது இரண்டு முறை போனால் பெரிய காரியம். இக்கரையில் பன்னிரண்டு சேர்வது போலவே அக்கரையிலும் பன்னிரண்டு சேர வேண்டும் அல்லவா?

கயல்வேந்தனின் மனைவி அயிரை ஒரு நாள் கேட்டாள்: "இருக்கிறவங்களைக் கூட்டிட்டுப் போனா என்ன? ஆறு வத்திருமா?"

"உனக்குத் தெரியாது. அஞ்சு பேரை இழுத்துப் பழக்கிட்டா அப்புறம் நாலு பேர் வருவான். நாளைக்கு ஒருத்தன் வந்து நின்னுக்கிட்டு, கிளம்பும்பான்."

"கிளம்புறது. தெப்பம்னா அதுக்குத்தானே."

"இது எங்கப்பா காலத்துத் தெப்பம்."

"அதான் அவர் காலத்துலயே நிக்குது" என்று சொல்லிவிட்டு அயிரை குட்டிகளை மீன் பிடிக்க அழைத்துப் போனாள்.

அன்று மத்தியானம் கயல்வேந்தன் ஒரு காட்சியைக் கண்டார். வழக்கத்தை விட வெயில் அதிகம். சீக்கிரமே திரும்பிவிட்ட அல்லி, மடுவின் ஓரத்தில் வந்து நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலை உள்ளே வைத்தாள். சேறு கலங்கி மேலே வந்தது. "நல்ல குளிர்ச்சி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காலை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆற்றைக் கடத்துகிறவருக்குத்தான் மடு, இப்போது கடத்துகிறவள் அல்லி என்பது கயல்வேந்தனுக்கு அப்போதுதான் உறைத்தது. எருமை படுத்தால் மடு கலங்கும். கலங்கிய மடுவில் மீன் நிற்காது. மீன் இல்லாவிட்டால் தம்பிகள் ஐவரும் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஆளுக்கொரு ஓடையாகப் போய்விடுவார்கள். ஆடி முதல் தேதிக்கு இன்னும் ஒரு மாதமும் சில நாட்களும் இருந்தன.

அன்று சாயங்காலமே நரி வந்தது. பெயர் மாசிலன். தொழில், யோசனை சொல்வது.

"அண்ணாச்சி, அவ போட்டிக்கு வந்திருக்கா" என்றான் மாசிலன்.

"அவ மேய வந்திருக்கா."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் வருவாங்க."

கயல்வேந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாசிலன் ஒரு குச்சியை எடுத்து மணலில் மூன்று வட்டம் போட்டான்.

"இது நீங்க. இது சனங்க."

"இந்த மூணாவது?"

"அது படம் நிறைவா இருக்கட்டும்னு போட்டது. இப்பக் கேளுங்க. ஆளில்லாத தெப்பத்துல எவனும் முதல்ல ஏற மாட்டான். கூட்டத்தைப் பார்த்தாத்தான் கூட்டம் வரும். சரியா?"

"சரிதான்."

"அப்பக் கூட்டத்தை நாமளே உட்கார வைப்போம். உங்க தம்பிக ரெண்டு பேரைப் பிரயாணி மாதிரி ஏத்துங்க. நிஜ ஆள் வந்ததும் அவங்க இறங்கிரட்டும்."

இந்த யோசனைக்கு மாசிலன் தினம் ஒரு விரால் கேட்டான். கயல்வேந்தன் ஒப்புக்கொண்டார். பயந்தவர் பேரம் பேசுவதில்லை.

மறுநாளே இரண்டு தம்பிகள் தலையில் இலையைக் கவிழ்த்துக்கொண்டு தெப்பத்தில் உட்கார்ந்தார்கள். முதல் மூன்று நாள் யோசனை பலித்தது. போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "பரவாயில்லையே, ஆள் இருக்கு" என்று ஏறினார்கள். தெப்பம் ஏழெட்டுப் பேருடன் பார்க்க லட்சணமாக இருந்தது. கயல்வேந்தனுக்கு மனசு குளிர்ந்தது. மாசிலனுக்கு அன்று இரண்டு விரால்.

நான்காம் நாள் அல்லியைத் தவறவிட்ட பொற்கொடி தெப்பத்துக்கு வந்தாள். இலைத் தலையர்களை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க நேத்தும் இங்கதானே உட்கார்ந்திருந்தீங்க?"

"ஆமா மதினி" என்றான் ஒரு தம்பி. "இன்னும் கிளம்பலையே."

பொற்கொடி கீரைக்கட்டோடு இறங்கிவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள்.

"ஆள் போதலை" என்றான் மாசிலன். "ரெண்டு பேரை வச்சா கண்டுபிடிச்சிருவாங்க. அஞ்சாறு பேரா மாத்தி மாத்தி வைக்கணும். உங்க சொந்தக்காரங்களை வரச் சொல்லுங்க. அப்படியே வேலையையும் பிரிச்சுக் குடுத்திருவோம். ஒழுங்கு வேணும்ல."

வடக்கு ஓடையிலிருந்து மைத்துனர்கள் வந்தார்கள். மாசிலன் அவர்களையும் தம்பிகளையும் பிரிவு பிரிவாகப் பிரித்தான். கரையில் நின்று கூவுவதற்கு ஒரு பிரிவு. வருகிறவர்களைக் கைபிடித்து ஏற்றிவிட ஒரு பிரிவு. தெப்பத்தில் உட்கார்ந்திருக்க ஒரு பிரிவு. இந்த மூன்றும் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு பிரிவு. கடைசியில் இழுக்கும் பிரிவு.

உட்காரும் பிரிவில் சேர எல்லோருக்கும் ஆசை. இழுக்கும் பிரிவுக்குப் பேர் கொடுத்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கயல்வேந்தன். இன்னொருவன், பிரித்துக் கொடுத்தபோது தூங்கிக்கொண்டிருந்த கடைசித் தம்பி.

இரண்டு பேர் இழுத்தால் தெப்பம் எப்படிப் போகும்? நடு ஆற்றில் நின்று யோசித்து யோசித்துப் போனது. முன்பு ஒரு நாளைக்கு இரண்டு நடை என்றிருந்தது, ஒரு நடையாயிற்று. ஆனி பாதிக்கு மேல் அதுவும் நாலு நாளைக்கு ஒன்றுதான். கயல்வேந்தனின் தோளில் கொடி அறுத்துப் புண்ணாகிவிட்டது. அயிரை பச்சிலை அரைத்துப் போட்டாள்.

"இத்தனை பேர் இருக்காங்க. ஒருத்தன் வந்து கொடியைப் பிடிக்கக் கூடாதா?" என்றாள்.

"அவங்களுக்கு வேற பிரிவு."

"உங்களுக்கு மட்டும் எப்படி இந்தப் பிரிவு வந்துச்சு?"

"நான்தானே முதலாளி."

அயிரை மீதிப் பச்சிலையையும் புண்ணில் அப்பினாள். பிறகு, "புண்ணு ஆறட்டும், நாளைக்கு நான் இழுக்கிறேன்" என்றாள். கயல்வேந்தன் அதற்கு ஒப்பவில்லை. ஆனால் அந்தப் பேச்சு அவர் மனசில் பச்சிலையை விட நன்றாக ஒட்டிக்கொண்டது.

ஆடி முதல் தேதி வந்தது. பெரியநாயகி வருகிற நாள்.

மாசிலன் விடியும் முன்பே துறைக்கு வந்து எல்லா ஏற்பாடும் செய்தான். "இன்னைக்குத் தெப்பம் நிறைஞ்சு இருக்கணும், அண்ணாச்சி. பெரியம்மா வந்து பார்க்கும்போது ஒரு மூங்கில் காலியா இருக்கக் கூடாது. வெறும் நீர்நாயா இருந்தாலும் சந்தேகம் வரும். நான் வேற ஆளும் சொல்லியிருக்கேன்."

ஐந்து கீரிகள் வந்தன. ஆளுக்கு இரண்டு நண்டு என்று பேச்சு. மத்தியானம் வரை உட்கார வேண்டும், நண்டு முதலிலேயே கொடுத்துவிட வேண்டும் என்றும் பேச்சு. ஐந்து கீரிகளும் ஏழு நீர்நாய்களும் ஏறி உட்கார்ந்தன. பன்னிரண்டு மூங்கிலும் நிறைந்துவிட்டது.

கயல்வேந்தன் கரையில் நின்று பார்த்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாகக் காலையிலேயே தெப்பம் நிறைந்து நிற்கிறது. கண் கலங்கிவிட்டது அவருக்கு. ஒவ்வொருவராக எண்ணினார். பன்னிரண்டு. மறுபடி எண்ணினார். பன்னிரண்டுதான்.

அப்போது கூவும் பிரிவில் இருந்த மைத்துனன் யாரிடமோ சொல்வது கேட்டது: "இடமில்லை அண்ணே. நிறைஞ்சிருச்சு. அடுத்த தெப்பத்துக்கு வாங்க."

கயல்வேந்தன் திரும்பிப் பார்த்தார். இருளப்பன் என்னும் முள்ளம்பன்றி நின்றுகொண்டிருந்தான். முள்ளை எல்லாம் வாரிப் படிய வைத்து, காதோரம் ஒரு பூ வைத்திருந்தான். பூ வாடியிருந்தது.

"அடுத்த தெப்பம் எப்ப?" என்றான் இருளப்பன்.

"இது போயிட்டு வந்ததும்."

"இது எப்பப் போகும்?"

மைத்துனன் கயல்வேந்தனைக் கைகாட்டினான். அது அவன் பிரிவு இல்லை.

"அண்ணாச்சி" என்றான் இருளப்பன், கயல்வேந்தனைப் பார்த்து. "இன்னையோட மூணு நாளாச்சு. அக்கரையில ஒரு பொண்ணு பார்க்கப் போறேன். முந்தாநாள் கிளம்பியிருந்தா பொண்ணு பார்த்திருப்பேன். இனி போனா அவ கல்யாணத்துல பந்தியில உட்காரலாம்."

"அல்லி போறாளே, தம்பி" என்றார் கயல்வேந்தன். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே புரிந்தது.

"கேட்டேன். நல்லவிதமாத்தான் சொன்னா. 'உன் மேல எனக்கு ஒண்ணுமில்லை, என் தோல் மேலதான் அக்கறை'ன்னா. என் முள்ளோட நான் எவ முதுகுல ஏற முடியும்? எனக்கு இந்த மூங்கிலை விட்டா ஆறு கடக்க வழி கிடையாது."

கயல்வேந்தன் தெப்பத்தைப் பார்த்தார். பன்னிரண்டு பேர். எங்கேயும் போக வேண்டாதவர்கள். போக வேண்டிய ஒருவன் கரையில் நிற்கிறான். அவனுக்கு இடமில்லை.

புதருக்குப் பின்னால் கிளைகள் முறியும் சத்தம் கேட்டது. பெரியநாயகி வந்துவிட்டார். துறையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பெரியநாயகி அவசரப்படுகிறவர் அல்ல. துதிக்கையை நீட்டித் தண்ணீர் குடித்தார். தெப்பத்தைச் சுற்றி வந்து பார்த்தார்.

"நிறைஞ்சிருக்கு போல" என்றார்.

"எல்லாம் உங்க ஆசீர்வாதம், பெரியம்மா" என்றது மேற்பார்வைப் பிரிவு.

பெரியநாயகி ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கீரியிடம் குனிந்தார். "நீ எங்க போற?"

கீரி மாசிலனைத் தேடியது. மாசிலனைக் காணவில்லை. சொல்லிக் கொடுக்க ஆளில்லாததால் கீரி உண்மையைச் சொன்னது.

"உட்காரத்தான் சொன்னாங்க. போகச் சொல்லலை."

கொக்குப் பாறையின் உச்சியில் வெயில் விழுந்தது. அந்த நேரத்தில், எப்போதும் போல, அல்லி புதரை விலக்கிக்கொண்டு வந்து ஆற்றில் இறங்கினாள். பெரியநாயகியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், ஆனால் நிற்கவில்லை. அவள் முதுகில் பொற்கொடியும் அணில்களும் உடும்பும் இருந்தார்கள். வாலோரம், உடம்பைக் குறுக்கிக்கொண்டு, இன்னொருவரும் இருந்தார். மாசிலன்.

கயல்வேந்தன் தண்ணீர் ஓரத்துக்கு ஓடினார். "மாசிலா, எங்க போற?"

"அக்கரையில ஒரு கொக்கு புதுசாத் தொழில் தொடங்குது, அண்ணாச்சி. யோசனை கேட்டிருக்கு. வெயில் ஏறுறதுக்குள்ள போகணும்."

"அதுக்கு நம்ம தெப்பத்துல வரக் கூடாதா?"

மாசிலன் தெப்பத்தைப் பார்த்தான். கயல்வேந்தனைப் பார்த்தான். அவனுக்கு உண்மையிலேயே ஆச்சரியம்.

"அது நிக்குதே, அண்ணாச்சி" என்றான்.

எருமை போய்க்கொண்டே இருந்தது.

பெரியநாயகி பார்க்கிறார் என்பது கயல்வேந்தனுக்குத் தெரியும். மடுவும் கண்ணில் படுகிறது. பிறகு அவர் திரும்பி வந்து தெப்பத்தின் கொடியை எடுத்தார்.

"எல்லாரும் இறங்குங்க" என்றார்.

"மத்தியானம் வரைக்கும்னு பேச்சு" என்றது கீரி.

"நண்டு உனக்குத்தான். இறங்கு. தம்பி இருளப்பா, ஏறு."

இருளப்பன் ஏறினான். பன்னிரண்டு மூங்கிலில் ஒரே ஓர் ஆள். கூவும் பிரிவு வழக்கப்படி, "ஏறுங்க, இன்னும்..." என்று தொடங்கியது. கயல்வேந்தன் அதன் வாயைப் பொத்தினார். கொடியைக் கவ்விக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கடைசித் தம்பி இறங்கினான். மற்ற நான்கு தம்பிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் தோளில் புண் திறந்து சிவப்பாகத் தெரிந்தது. நான்கு பேரும் இலையைத் தூக்கி எறிந்துவிட்டு ஆற்றில் குதித்தார்கள். அதற்கு முன்பே அண்ணன் கொடியின் நுனியை ஒருத்தி பிடித்திருந்தாள். அது அயிரை.

ஏழு பேர் இழுக்க, ஒருவன் மட்டும் உட்கார்ந்திருக்க, தெப்பம் அம்பு மாதிரி போனது. அல்லியைப் பாதி ஆற்றில் தாண்டியது. இருளப்பன் ஒரு கையால் பூவைப் பிடித்துக்கொண்டான்.

அக்கரையில் மூன்று முள்ளம்பன்றிகள் நின்றுகொண்டிருந்தன. ஒரு பெண், அவளுடைய அம்மா, அவளுடைய மாமா. இருளப்பனைப் பார்த்ததும் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா குனியவில்லை.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வரக் காணோமேன்னு நாங்களே கிளம்பி வந்தோம்" என்றாள் அம்மா. "இங்க நின்னு ரெண்டு நாளாச்சு. பன்னிரண்டு பேர் சேரணுமாமே?"

இருளப்பன் கயல்வேந்தனைப் பார்த்தான். கயல்வேந்தன் தண்ணீரைப் பார்த்தார்.

"இப்ப நாலு பேர் போதும், ஆத்தா" என்றாள் அயிரை. "ஏறுங்க. பேச்சை எங்க கரையில வச்சுக்கலாம். எங்க வீட்டுல மீன் இருக்கு. நீங்க மீன் தின்னமாட்டீங்க. கிழங்கு வாங்கிருவோம்."

தெப்பம் நான்கு முள்ளம்பன்றிகளோடு திரும்பியது. வழியிலேயே மாமாவுக்கும் இருளப்பனுக்கும் பேச்சு முடிந்துவிட்டது. இக்கரையில் இறங்கும்போது பெண்ணின் அம்மா அயிரையிடம், "ரொம்ப நேரம் ஆகும்னு சொன்னாங்க, பரவாயில்லை, சுகமாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். முள் வைத்திருக்கிறவர்கள், முட்டை கொண்டுபோகிறவர்கள், நனையக்கூடாத சரக்கு வைத்திருக்கிறவர்கள் என்று எருமை முதுகில் ஏற முடியாத ஆட்கள் இந்தக் காட்டில் எத்தனை பேர் என்று கயல்வேந்தன் அப்போதுதான் முதல் முறையாக நினைத்துப் பார்த்தார்.

பெரியநாயகி நின்ற இடத்திலேயே நின்றார்.

"மடு யாருக்குப் பெரியம்மா?" என்று கேட்டார் கயல்வேந்தன். "நான் பொய்க் கூட்டம் காட்டினேன். அல்லிக்குக் குடுத்தாலும் நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

"நீ காட்டினதையும் பார்த்தேன். இறக்கினதையும் பார்த்தேன்" என்றார் பெரியநாயகி. "இப்போதைக்கு மீன் பிடி. தை முதல் தேதி மறுபடி வர்றேன். அன்னைக்குச் சொல்றேன்."

"அன்னைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க? தெப்பத்தை நிறைச்சு..." என்று தொடங்கிய மைத்துனனை அயிரை ஒரு பார்வை பார்த்தாள். அவன் அன்றே வடக்கு ஓடைக்குக் கிளம்பிவிட்டான்.

மார்கழி இருபத்தாறாம் தேதி அல்லி கன்று ஈன்றாள். பெண் கன்று. அவள் கன்றோடு இக்கரைப் புல்வெளியிலேயே தங்கிவிட்டாள். துறையில் கயல்வேந்தனுக்குப் போட்டி இல்லை.

தை முதல் தேதி காலை, கொக்குப் பாறையின் உச்சியில் வெயில் விழுந்ததும் அப்படியும் தெப்பம் மூன்று பேருடனே கிளம்பியது. சற்று நேரம் கழித்துப் பெரியநாயகி வந்து சேர்ந்தபோது துறையில் காத்திருந்தவர் ஒருவரும் இல்லை. மடு கயல்வேந்தனுக்கு என்று அங்கிருந்த பாறையிடம் சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போனார்.

நீதி: கூட்டம் சேரட்டும் என்று வந்தவரைக் காக்கவைத்தால், வந்தவரும் போய்விடுவார்.